பூனையின் தவமும் மூச்சின் கணக்கும்



செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் மாமல்லபுரம் வந்துவிடும். அங்கே, ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள ஒரு பெரும்பாறையில், ஏழாம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பிகள் ஓர் உலகத்தையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். யானைகள், மான்கள், நாகர்கள், தேவர்கள், வேடர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள்! அவற்றின் நடுவே விலா எலும்புகள் தெரிய, ஒற்றைக் காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் செய்கிறார் ஒருவர். அவரை அர்ஜுனன் என்பாரும் உண்டு. பகீரதன் என்பாரும் உண்டு.

பாறையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஒரு பூனையும் தவம் செய்கிறது! அதைச் சுற்றி எலிகள். பூனை திருந்திவிட்டது என்று நம்பி வந்த எலிகள் அவை. கதையின் முடிவு என்னவாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தவசியும் பூனையும் நிற்கும் நிலை ஒன்றுதான். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து எது மெய், எது பொய் என்று சொல்ல முடியுமா? முடியாது. சிற்பி வேடிக்கையாக எழுப்பிய இந்தக் கேள்வியையே இன்றைய அறிவியலும் கேட்கிறது. 'தியானம் செய்தால் மனம் அமைதியடையும், படிப்பு வரும், கோபம் தணியும்' என்று பலரும் சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை? அதை எப்படி அளப்பது? குறிப்பாக, தேர்வுக் காலத்தில் தவிக்கும் உங்களைப் போன்ற மாணவர்களுக்கும், உங்களைவிட அதிகமாகத் தவிக்கும் உங்கள் பெற்றோருக்கும் அது உதவுமா?

எது கவனத் தியானம்?

தியானத்தில் பல வகைகள் உள்ளன. இன்று உலகெங்கும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பேசப்படும் வகைக்குக் 'கவனத் தியானம்' என்று பெயர் சூட்டலாம். செய்முறை மிக எளிது. அசையாமல் உட்கார வேண்டும். உள்ளே வரும் மூச்சையும் வெளியே போகும் மூச்சையும் கவனிக்க வேண்டும். மனம் வேறெங்காவது ஓடினால், 'ஓடிவிட்டது' என்று தெரிந்துகொண்டு, தன்னைத் தானே திட்டிக்கொள்ளாமல், மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்!

இது மிகப் பழைய பௌத்த முறை. பாலி மொழியில் இதற்கு 'ஆனாபானஸதி' என்று பெயர். 'ஆன', 'அபான' என்பவை உள்மூச்சும் வெளிமூச்சும். 'ஸதி' என்றால் நினைவோடு இருத்தல். மாமல்லபுரத்துப் பாறைகளில் உளிச்சத்தம் கேட்ட அதே ஏழாம் நூற்றாண்டில், சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிபுரத்துக்கு வந்தார். அங்கே பௌத்த மடங்கள் பல இருந்ததை எழுதி வைத்தார். ஆகவே இந்தப் பயிற்சி நம் வட்டாரத்துக்குப் புதியதன்று.

இருபதாம் நூற்றாண்டில் இது மீண்டும் பரவியது. 1969-ஆம் ஆண்டு, பர்மாவில் பிறந்து வளர்ந்த சத்ய நாராயண் கோயங்கா இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் தம் முதல் பத்து நாள் தியான முகாமை நடத்தினார். அந்த முகாமில் மாணவர்களாக உட்கார்ந்தவர்களுள் அவருடைய பெற்றோரும் இருந்தனர். பிள்ளை கற்பிக்க, பெற்றோர் கற்றனர்! பத்து ஆண்டுகள் கழித்து, 1979-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்ற உயிரியலாளர், தீராத வலியால் துன்புற்ற நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை அமைத்தார். சமயச் சடங்குகளை நீக்கிவிட்டுக் கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பயிற்சி அது. பின்னாளில் பள்ளிகளுக்குள் நுழைந்த பல திட்டங்களுக்கு அதுவே முன்மாதிரி.

கருவிகள் சொன்ன சாட்சி

'யோகிகள் இதயத்தையே நிறுத்துவார்கள்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதைச் சோதிக்க 1957-ஆம் ஆண்டில் வெங்கர், பாக்சி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலிருந்து கருவிகளைச் சுமந்துகொண்டு இந்தியாவுக்கு வந்தனர். அவர்கள் சோதித்தவர்களுள் சென்னையில் வாழ்ந்த புகழ்பெற்ற யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாவும் ஒருவர். இதயத்தை நிறுத்துவதாகக் கூறியவர்களிடம் கருவிகள் காட்டியது என்ன? மணிக்கட்டில் நாடி மங்கியது. இதயத்தின் ஒலியும் குறைந்தது. ஆனால் இதய மின்வரைபடத்தில் இதயம் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருந்தது! மூச்சை அடக்கி, மார்புத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் இறுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் கூடுகிறது. சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. வந்து சேரும் இரத்தம் குறைந்தால், வெளியேறும் இரத்தமும் குறையத்தானே செய்யும்? நாடி மங்கியதற்குக் காரணம் இதுவே. இதன் முடிவுகள் 1961-இல் வெளியாயின.

அதே 1961-இல் டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி. கே. ஆனந்தும் அவருடைய குழுவினரும் வேறொரு முடிவை வெளியிட்டனர். தியானத்தில் ஆழ்ந்திருந்த யோகிகளின் மூளையில் 'ஆல்பா' எனும் அமைதியான மின்னலைகள் ஓடின. சாதாரணமாக, பளிச்சென்ற ஒளியோ பேரொலியோ வந்தால் அந்த அலைகள் கலைந்துவிடும். இவர்களுக்கோ கலையவில்லை. இருவர் 4 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 45 நிமிடங்களுக்கும் மேலாகக் கையை வைத்திருந்தபோதும் ஆல்பா அலைகள் நீடித்தன!

பாருங்கள்: ஒரே ஆண்டில் வந்த இரண்டு ஆய்வுகள். ஒன்று, மிகைப்படுத்திய ஒரு கூற்றை மறுத்தது. மற்றொன்று, உண்மையிலேயே ஏதோ நிகழ்கிறது என்று காட்டியது. அறிவியலின் வேலை புகழ்வதும் அன்று, பழிப்பதும் அன்று, அளந்து பார்ப்பதே.

உடலுக்குள் என்ன நிகழ்கிறது?

தேர்வு அறையில் வினாத்தாளைப் புரட்டுகிறீர்கள். முதல் வினாவே தெரியாதது. உடனே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. ஏன்?

மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு வடிவில் 'அமிக்டலா' என்ற பகுதி உண்டு. அது நம் ஆபத்து மணி. அது ஒலித்ததும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அட்ரினல் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசாலும் சேருகிறது. புலி துரத்தினால் ஓடுவதற்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வினாத்தாளிடமிருந்து எங்கே ஓடுவது?

இதற்கு எதிராக வேலை செய்பவை எதிர்ப்பரிவு நரம்புகள். இவற்றுள் முதன்மையானது, மூளைத்தண்டிலிருந்து இதயம், நுரையீரல், வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு. இது இதயத்துக்கு ஒரு கடிவாளம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இந்தக் கடிவாளம் சற்றுத் தளர்கிறது. இதயம் சிறிது வேகமாகத் துடிக்கிறது. மூச்சை வெளியே விடும்போது கடிவாளம் இறுகுகிறது, இதயம் மெதுவாகிறது. நாடியில் விரல் வைத்து, மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இந்த ஏற்ற இறக்கத்தை உங்களாலேயே உணர முடியும்!

இதயத்தை 'மெதுவாகத் துடி' என்று நாம் நேரடியாகக் கட்டளையிட முடியாது. ஆனால் மூச்சை நாம் விரும்பியபடி மாற்ற முடியும். தானாகவும் நடப்பது, நம் விருப்பப்படியும் நடப்பது என்று இரு பக்கமும் கதவுள்ள அறை மூச்சு. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுகிறோம். அதை ஆறு அளவுக்கு மெல்லக் குறைத்தால், இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகி, வேகஸ் நரம்பின் பிடி வலுப்பெறுவதை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள்.

மற்றொன்றும் உண்டு. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதிதான் 'சற்றுப் பொறு, யோசி' என்று சொல்லும் பகுதி. இது முழுமையாக முதிர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயது வரை ஆகிறது. எனவே பதினைந்து வயதில் சட்டென்று கோபம் வருவது உங்கள் குற்றம் மட்டும் அன்று. மூளை இன்னும் கட்டப்பட்டு வருகிறது. ஓடும் மனத்தைக் கவனித்துத் திரும்பக் கொண்டுவருவது, இந்த முன்மூளைக்கு ஒரு தேகப்பயிற்சி போன்றது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அலை வந்த பின்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. மாமல்லபுரத்தில் கடல் முதலில் பின்வாங்கியது. அதுவரை நீருக்குள் கிடந்த பாறைகள் தெரிந்தன. பின் அலை சீறி வந்தது. அலை அரித்துச் சென்ற மணலுக்கடியிலிருந்து பழஞ்சிற்பங்கள் வெளிப்பட்டதைச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. ஆனால் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் உயிரிழந்தனர். கரையோர மீனவக் குப்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் கடலைப் பார்க்கவே அஞ்சினார்கள். இரவில் அலறி எழுந்தார்கள். கண்ணை மூடினால் மீண்டும் அலை வந்தது.

இப்படி, ஆபத்து நீங்கிய பின்னும் ஆபத்து மணி ஓயாமல் ஒலிப்பதை மருத்துவர்கள் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்பார்கள். மூச்சும் தியானமும் இங்கே உதவுமா?

இலங்கையின் வடகிழக்குக் கரையில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கே போரையும் கண்டு அலையையும் கண்ட பிள்ளைகள் முகாம்களில் இருந்தனர். எட்டு முதல் பதினான்கு வயது வரையிலான 31 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர், நடந்ததைத் தொடக்கம் முதல் கோவையாகச் சொல்லி மனச்சுமையை இறக்கும் சிகிச்சை பெற்றனர். மற்றக் குழுவினர் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். இரு குழுவுக்கும் ஆறு ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் அவ்வூர்ப் பகுதியைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற ஆலோசகர்களே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும், தியானக் குழுவில் 71 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடிய அளவினதுதான். ஆய்வு 2009-இல் வெளியானது.

'ஆகா, தியானம் வென்றது!' என்று துள்ளிவிடாதீர்கள். சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு இதில் இல்லை. அலை வந்த சில வாரங்களிலேயே தொடங்கிய ஆய்வு இது. காலம் போகப் போகச் சிலர் தாமாகவே தேறியிருக்கலாம் அல்லவா?

தமிழ்நாட்டு முகாம்களில் பெரியவர்களிடையே நடந்த மற்றோர் ஆய்வில் இந்தக் குறை இல்லை. 2010-இல் வெளியான அந்த ஆய்வில் 183 பேர் பங்கேற்றனர். சிலருக்கு யோக மூச்சுப் பயிற்சி. சிலருக்கு அதோடு பேச்சுச் சிகிச்சையும். மூன்றாவது குழு ஆறு வாரம் காத்திருந்தது. நோயின் கடுமையை 17 வினாக்களால் அளந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகவே மிகக் குறைந்த மொத்தம் 17. மிக உயர்ந்தது 85. ஐம்பதும் அதற்கு மேலும் பெற்றவர்களையே சேர்த்துக்கொண்டார்கள். ஆறு வாரத்தில் மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 42.5 குறைந்தது. காத்திருந்தவர்களுக்குக் குறைந்தது 4.6 மட்டுமே! இங்கும் ஒரு குறை உண்டு. ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கிப் பிரிக்கவில்லை. முகாம் முகாமாகப் பிரித்தார்கள். முகாமுக்கு முகாம் நிலைமை வேறுபட்டிருக்கலாம். ஆயினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது.

பள்ளியில் என்ன ஆயிற்று?

துன்பத்தில் உழல்பவர்களுக்கு உதவுகிறது என்றால், எல்லா மாணவருக்கும் வகுப்பிலேயே கற்பித்துவிடலாமே? பிரிட்டனில் அதையே செய்து பார்த்தார்கள். 85 பள்ளிகள், 11 முதல் 14 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் கவனத் தியானப் பாடங்களை நடத்தினார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடங்கள். 2022-இல் முடிவு வெளிவந்தது. இரு தரப்புக்கும் மனநலத்தில் வேறுபாடே இல்லை!

காரணம் என்ன? மாணவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. நீச்சலைப் பற்றிப் பாடம் கேட்டால் நீந்த வருமா? விரும்பாதவரை வரிசையில் உட்கார வைத்து 'கண்ணை மூடு' என்றால், அங்கே நடப்பது மாமல்லபுரத்துப் பூனையின் தவந்தான். வெளியே தவம், உள்ளே மதிய உணவு பற்றிய நினைவு!

பெற்றோருக்கும் பங்கு உண்டு

இந்த இடத்தில்தான் வீடு முக்கியமாகிறது. அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்தால் பயிற்சி தொடரும். அதுமட்டுமல்ல, கோபம் ஒட்டுவாரொட்டி. 'எத்தனை மார்க்?' என்று அப்பா உரக்கக் கேட்டால் உங்கள் ஆபத்து மணி ஒலிக்கிறது. நீங்கள் கதவை அறைந்து சாத்தினால் அவருடைய மணி ஒலிக்கிறது. ஒருவர் மட்டும் அமைதி பழகினால் பாதி வேலைதான் முடியும். ஆகவேதான் அமெரிக்காவில் வளரிளம் பருவத்தினரையும் பெற்றோரையும் சேர்த்தே பயிற்றும் திட்டங்கள் தோன்றின. அங்குள்ள லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களுக்கு ஸ்பானிய மொழியிலேயே இவற்றை நடத்துகிறார்கள். இரண்டு வேலை பார்க்கும் தாய் வரக்கூடிய நேரம் எது, அவருக்குப் புரியும் மொழி எது என்று பார்க்காவிட்டால், எவ்வளவு நல்ல திட்டமானாலும் காலி நாற்காலிகளுக்குத்தான் நடக்கும். இலங்கை முகாமில் அவ்வூர் ஆலோசகர்களே பிள்ளைகளிடம் பேசியது எவ்வளவு பொருத்தம் என்று இப்போது விளங்குகிறதல்லவா? விடியுமுன் கடலுக்குப் போகும் தந்தைக்குக் காலைத் தியான வகுப்பு எப்படிப் பொருந்தும்?

நீங்களே செய்து பாருங்கள்!

உங்கள் அறிவியல் மன்றத்தில் இதை ஒரு சோதனையாகவே செய்யலாம்.

1. விருப்பமுள்ள 20 குடும்பங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர், பெற்றோரில் ஒருவர். கட்டாயம் கூடாது.

2. சீட்டுக் குலுக்கிப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். நண்பர்களை நீங்களே ஒரு பக்கம் சேர்த்துவிடாதீர்கள்.

3. முதல் குழுவினர் நாள்தோறும் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து. எத்தனை முறை தவறியது என்று எழுதி வையுங்கள்.

4. இரண்டாம் குழுவினர் அதே பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கதையை வாசிக்க வேண்டும்.

5. இரு குழுவினரும், தொடங்குமுன் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து, பின் 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் மீண்டும் ஒருமுறை.

6. இரவில், 'இன்று வீட்டில் எவ்வளவு சண்டை?' என்பதற்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் இட வேண்டும். மாணவர் தனியே, பெற்றோர் தனியே. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

7. இரண்டு வாரம் கழித்துக் குழுக்களை மாற்றுங்கள். சராசரிகளைக் கணக்கிடுபவருக்கு எந்தத் தாள் எந்தக் குழுவினுடையது என்று தெரியாமல் இருக்கட்டும்.

கதை வாசிக்கும் குழு எதற்கு? சும்மா உட்கார்ந்தாலே நாடி சற்றுக் குறையும். அம்மாவோடு பத்து நிமிடம் இருந்தாலே சண்டை குறையக்கூடும். அந்தப் பயனையெல்லாம் கழித்த பின் மிஞ்சுவது எதுவோ, அதுவே மூச்சைக் கவனித்ததன் தனிப்பயன். கதைக் குழுவே வெற்றி பெற்றாலும் கவலை வேண்டாம். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்! 20 குடும்பங்கள் சிறிய எண்ணிக்கை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பக்கத்துப் பள்ளிகளும் செய்து பார்த்து முடிவுகளைச் சேர்த்தால் நம்பகம் கூடும்.

ஓர் எச்சரிக்கை. மூச்சை அடக்கும் போட்டி வேண்டாம். கண்ணை மூடியதும் பயங்கரமான நினைவுகள் வந்து வாட்டினால், உடனே நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். பல நாட்களாகத் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை யாருக்கேனும் இருந்தால், அது தியானத்தால் மட்டும் தீர்க்க வேண்டியது அன்று. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போல் மனத்துக்கும் போக வேண்டும். மைய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே அழைத்துப் பேசலாம். நண்பனுக்காகவும் நீங்கள் அழைக்கலாம்.

இன்று இரவு உணவுக்குப் பின் நாடியை எண்ணக் கற்றுக்கொண்டு, அதை உங்கள் அம்மா அப்பாவுக்கும் கற்றுக்கொடுங்கள். இந்தப் பாடத்தில் ஆசிரியர் நீங்கள், மாணவர்கள் அவர்கள். மன்றத்தில் சோதனை முடிந்ததும், முடிவு எப்படி இருந்தாலும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.